எடை போட்டு எண்ணுவது

சென்னையில் இருக்கும் அக்கா வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துவிட்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்: 126. லண்டனில் இருக்கும் தம்பியும் அதே வாரம் பார்த்துவிட்டுப் போடுகிறார்: 7. "உனக்கு ஏழுதானாடா, கொடுத்து வச்சவன்" என்று அக்கா எழுதினால், தம்பி சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே அளவுதான். நீரிழிவு என்று மருத்துவர்கள் கோடு கிழிக்கும் இடத்தில் இருவரும் சரிசமமாக நிற்கிறார்கள்.

சென்னைப் பரிசோதனைக் கூடம் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை எடை போட்டுச் சொல்கிறது: 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம். லண்டன் கூடம் எண்ணிச் சொல்கிறது: லிட்டருக்கு 7 மில்லிமோல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கனடாவிலும் இந்த எண்ணிக்கைக் கணக்குதான் புழக்கத்தில் இருக்கிறது. மோல் என்பது ஓர் எண்ணிக்கை. டஜன், குரோசு என்பதுபோல, ஆனால் கற்பனைக்கு அடங்காத அளவுக்குப் பெரியது. அப்படியானால் லண்டனில் யாராவது குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்களா? இல்லை. பின் எப்படி எண்ணிக்கை சொல்கிறார்கள்? பத்தாம் வகுப்பில் மோல் பாடம் பலருக்கும் மண்டையில் ஏறாமல் போனதற்குக் காரணம், இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலேயே விடையை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்கியவர்களுக்கு விடையின் பாதி தெரியும். அங்கே ஆணியை எண்ணித் தருவதில்லை, தராசில் போட்டுத் தருகிறார்கள். ஒரு பெரிய போல்ட்டின் எடை ஒரு சின்ன ஆணியின் எடையைப்போல 12 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ ஆணி ஒரு பையில், 12 கிலோ போல்ட் இன்னொரு பையில். இரண்டு பையிலும் எண்ணிக்கை சமம். எத்தனை என்று கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது; ஆனாலும் ஆணிக்கு ஒரு போல்ட் என்று ஜோடி சேர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றின் எடை இன்னொன்றைப்போல எத்தனை மடங்கு என்பது மட்டும் போதும். வேதியியல் நூறு ஆண்டுகள் இந்த ஒரே உபாயத்தில் ஓடியது. பையில் எத்தனை இருக்கிறது என்ற கேள்விக்கு விடை பின்னால்தான் வந்தது.

மடங்குக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் ஜான் டால்டன். இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் 1766இல் பிறந்தவர், மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். 1787இல் தொடங்கி 1844இல் இறக்கும்வரை நாள்தோறும் வானிலைக் குறிப்பு எழுதியவர். காற்றைப் பற்றிய அந்த ஓயாத யோசனைதான் அவரை அணுவில் கொண்டுபோய் விட்டது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய அணு, அந்த அணுவுக்கு அதற்கே உரிய எடை என்றார். ஹைட்ரஜன் அணுவை 1 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு 1803இல் தன் குறிப்பேட்டில் முதல் பட்டியலைப் போட்டார்.

அந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை. தண்ணீரைப் பிரித்தால் எடையில் ஹைட்ரஜன் ஒரு பங்குக்கு ஆக்சிஜன் எட்டுப் பங்கு வரும். (டால்டனின் காலத்து அளவீடுகளில் அது ஐந்தரை என்றும் ஏழு என்றும் வந்தது, அதை விட்டுவிடுவோம்.) இதிலிருந்து ஆக்சிஜன் அணுவின் எடை ஹைட்ரஜனைப்போல 8 மடங்கு என்று சொல்லலாமா? தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றால் சொல்லலாம். இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றால் 16 மடங்கு. எது சரி என்று தராசு சொல்லாது. இரண்டு தனிமங்களுக்கு ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம், அதுதான் எளிமை என்று டால்டன் முடிவு கட்டினார். எளிமை அவரை ஏமாற்றிவிட்டது.

சரியான குறிப்பு உடனேயே கிடைத்தது. 1808இல் பிரான்சின் கே-லுஸாக், வாயுக்கள் சேரும்போது அவற்றின் கனஅளவுகள் சிறிய முழு எண்களில் அமைவதைக் காட்டினார். இரண்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஒரு லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு லிட்டர் நீராவி. 1811இல் இத்தாலியின் அவகாட்ரோ இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். சட்டம் படித்து, பிறகு இயற்பியலுக்கு வந்தவர் அவர். ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், ஒரே கனஅளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே என்றார். ஆக்சிஜன் வாயுவின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு அணுக்களின் ஜோடி, தண்ணீர் உருவாகும்போது அது பிரிகிறது என்றார். இதை ஏற்றுக்கொண்டால் தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்பது தானாக வந்துவிடும். ஆனால் ஒரே வகை அணுக்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதை அக்காலத்தில் பலரால் ஜீரணிக்க முடியவில்லை. டால்டனோ கே-லுஸாக்கின் அளவீட்டையே நம்பவில்லை. அவகாட்ரோவின் கட்டுரை ஐம்பது ஆண்டுகள் ஏறக்குறையத் தூங்கியது.

அந்த ஐம்பது ஆண்டுகளில் வேதியியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் கார்பனை 6 என்பார், இன்னொருவர் 12 என்பார். ஒரே பொருளுக்கு ஆளாளுக்கு ஒரு வாய்பாடு. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை வேதியியலாளர் கெகுலே தன் பாடநூலில் வரிசையாக அச்சடித்திருக்கிறார். இதற்கு ஒரு முடிவு காணத்தான் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மூன்று நாள் மாநாடு கூட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், பேசினார்கள், ஒரு முடிவும் எட்டாமல் கலைந்தார்கள். கலையும் நேரத்தில் பாவேசி என்ற இத்தாலியர் ஒரு சிறு பிரசுரத்தைக் கையில் கொடுத்தார். எழுதியவர் அவருடைய நண்பர் கனிசாரோ. ஜெனோவாவில் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் முறையை 1858இல் அதில் விளக்கியிருந்தார்.

கனிசாரோ செய்தது என்ன என்று கார்பனை வைத்தே பார்க்கலாம். அவகாட்ரோ சொன்னது சரி என்று எடுத்துக்கொண்டால், ஒரே கனஅளவுள்ள வாயுக்களை எடை போடுவதும் மூலக்கூறுகளை எடை போடுவதும் ஒன்றுதான். ஹைட்ரஜன் மூலக்கூறை 2 என்று வைத்துக் கார்பன் கலந்த வாயுக்களை எடை போடுங்கள். கரியமில வாயு 44. அதில் கார்பனின் பங்கு 12. கார்பன் மோனாக்சைடு 28, அதிலும் 12. மீத்தேன் 16, அதிலும் 12. எத்திலீன் 28, அதில் மட்டும் 24. இன்னும் எத்தனை சேர்மங்களை எடுத்தாலும் 12, 24, 36 என்றுதான் வரும். 6 என்றோ 18 என்றோ வராது. அப்படியானால் பிரிக்க முடியாத ஒரு கார்பனின் எடை 12. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இருந்த தகவலையே ஒழுங்காக அடுக்கினார், அவ்வளவுதான். மாநாட்டுக்கு வந்திருந்த 26 வயது ரஷ்யர் ஒருவர் இந்த எடைகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தனிமங்களை வரிசைப்படுத்தினார். அவர் பெயர் மெண்டலீவ்.

எடைகள் நிலைபெற்றதும் ஹார்டுவேர் கடை உபாயம் முழு வீச்சில் வேலை செய்யத் தொடங்கியது. 1 கிராம் ஹைட்ரஜன், 12 கிராம் கார்பன், 16 கிராம் ஆக்சிஜன், 23 கிராம் சோடியம்: இவை ஒவ்வொன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை சமம். 18 கிராம் தண்ணீர், அதாவது மூன்றரை டீஸ்பூன் தண்ணீர்; 58.5 கிராம் சமையல் உப்பு; 342 கிராம் சீனி: இவற்றிலும் அதே எண்ணிக்கை அலகுகள். இந்த அளவுக்கு மோல் என்ற பெயரை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லைப்சிக் பேராசிரியர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஓஸ்ட்வால்டுக்கு அணுக்கள் மீது நம்பிக்கையே கிடையாது. அணு என்பது கணக்குக்கு வசதியான கற்பனை, ஆற்றல் ஒன்றே மெய் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரே மோலை வைத்துக்கொண்டு நிம்மதியாக வேதியியல் நடத்த முடிந்தது. பையில் எத்தனை ஆணி என்பது தெரியாமலே கடை நடக்கும்.

அக்காவின் 126 தம்பியின் 7 ஆவது இந்த இடத்தில் புரிந்துவிடும். குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். 72, 12, 96 என்று கூட்டினால் 180. ஆக ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம். ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்றால் 100 மில்லிக்கு 18. எனவே சென்னை எண்ணை 18ஆல் வகுத்தால் லண்டன் எண். தண்ணீரின் 18க்கும் இந்த 18க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தற்செயல். கொலஸ்ட்ரால் மூலக்கூறு பெரியது, ஒரு மோல் 387 கிராம், அதற்கு 38.7ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரைக்கு உள்ள வாய்பாட்டைக் கொலஸ்ட்ராலுக்குப் போட்டுப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

எதற்காக எண்ணிக்கையில் சொல்ல வேண்டும், எடையே போதாதா என்று கேட்கலாம். உடலுக்குள் நடப்பதெல்லாம் மூலக்கூறுக்கு மூலக்கூறு. ஒரு குளுக்கோஸை எரிக்க ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஒரு கிராமுக்கு ஆறு கிராம் என்று அது நடப்பதில்லை. ரத்தத்தில் சோடியம் 140, பொட்டாசியம் 4 என்று நம்மூர் அறிக்கைகளும் எண்ணிக்கையில்தான் தருகின்றன. சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்றவற்றுக்குத்தான் பழைய பழக்கம் போகவில்லை.

இனி பையில் எத்தனை என்ற கேள்விக்கு வருவோம். முதலில் ஓரளவு கிட்டப் போனவர் வியன்னாவில் பள்ளி ஆசிரியராக இருந்த லோஷ்மிட். காற்றில் மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும் தூரத்தையும், காற்றைத் திரவமாக்கினால் அது அடங்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒரு மூலக்கூறின் குறுக்களவு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று 1865இல் மதிப்பிட்டார். இரண்டு மூன்று மடங்கு கூடுதல்தான். ஆனாலும் முதல்முறையாக அணு உலகத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. குறுக்களவு தெரிந்தால் எண்ணிக்கையும் தோராயமாக வந்துவிடும்.

சந்தேகப் பிராணிகளின் வாயை அடைத்த சோதனை பாரிஸில் நடந்தது. ழான் பெரன் என்ற இயற்பியலாளர் 1908இல் அதைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் கேம்போஜ் என்ற மஞ்சள் பிசின். தென்கிழக்கு ஆசியாவில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுப்பது. ஓவியர்கள் மஞ்சள் வண்ணத்துக்குப் பயன்படுத்தியது. மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியின் மரமும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். இந்தப் பிசினைத் தண்ணீரில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து மிதக்கும். பெரனுக்கு எல்லா உருண்டையும் ஒரே அளவில் வேண்டும். எனவே சுழற்சி எந்திரத்தில் மீண்டும் மீண்டும் சுழற்றிப் பிரித்தார். ஒரு கிலோ பிசினில் தொடங்கிப் பல மாதம் உழைத்து, கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு கிராமுக்கும் குறைவு.

அந்த உருண்டைகள் கலந்த ஒரு துளித் தண்ணீரை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். துளியின் ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டர். உருண்டைகள் தண்ணீரைவிடக் கனம். அப்படியே அடியில் படிய வேண்டும். ஆனால் படியவில்லை. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டிருக்க, அவை துடித்தபடி மிதந்தன. அடியில் அடர்த்தி, மேலே போகப்போகக் குறைவு. இது நமக்குத் தெரிந்த காட்சிதான்: மலை ஏற ஏறக் காற்று மெலிவதும் இதே காரணத்தால்தான். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, வெப்பத்தின் குலுக்கல் மேலே வீசுகிறது. கனமான துகள் என்றால் சீக்கிரம் மெலியும், லேசான துகள் என்றால் மெதுவாக மெலியும்.

எண்ணுவதுதான் பாடு. பார்வைப் புலத்தில் நூற்றுக்கணக்கில் துள்ளிக்கொண்டிருக்கும் புள்ளிகளை எப்படி எண்ணுவது? கண்ணருகு வில்லையில் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தி அதில் ஊசியால் ஒரு துளை போட்டார் பெரன். அந்தத் துளை வழியே ஒரு நேரத்தில் நாலைந்து உருண்டைகள்தான் தெரியும். அதைக் கண் பார்த்ததும் சொல்லிவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி பார்ப்பது, மறுபடி எழுதுவது. ஒரு மட்டம் முடிந்ததும் அடுத்த மட்டத்துக்குக் குவியத்தை நகர்த்துவது. ஒரே தொடரில் 13,000 உருண்டைகளை எண்ணினார்கள். அடியிலிருந்து 5 மைக்ரான் உயரத்தில் 100 என்றால், 35 மைக்ரானில் 47, 65 மைக்ரானில் 22.6, 95 மைக்ரானில் 12. ஒவ்வொரு 30 மைக்ரானுக்கும் ஏறக்குறையப் பாதி.

இப்போது கணக்கை நாமே போட்டுவிடலாம். ஆக்சிஜன் மட்டுமே நிறைந்த வளிமண்டலம் இருந்தால், அது பாதியாக மெலிய சுமார் 5 கிலோமீட்டர் ஏற வேண்டும். பிசின் உருண்டைகள் பாதியாக மெலிய 30 மைக்ரான் போதும். 5 கிலோமீட்டரை 30 மைக்ரானால் வகுத்தால் ஏறக்குறைய 17 கோடி. அதாவது தண்ணீரின் மிதப்பைக் கழித்தபின் ஓர் உருண்டையின் எடை, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறின் எடையைப்போல 17 கோடி மடங்கு. உருண்டையின் ஆரம் 0.212 மைக்ரான் என்று பெரன் அளந்துவைத்திருந்தார். பிசினின் அடர்த்தியும் தெரியும். மிதப்பு போக அதன் எடை, ஒரு கிராமைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் அதில் எட்டுப் பங்கு. அதை 17 கோடியால் வகுத்தால் ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறின் எடை. ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம். 32ஐ அந்தச் சின்னஞ்சிறு எடையால் வகுத்தால் வருவது 680 கோடி கோடி கோடி.

பையில் எத்தனை என்ற கேள்விக்கு இதோ ஒரு விடை. இன்றைய மதிப்பு 602 கோடி கோடி கோடி. 6க்குப் பின்னால் 23 பூஜ்ஜியங்கள் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். கோடியை மூன்றுமுறை சொன்னால் அடங்கிவிடுகிறது என்பதால் எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். பெரன் பத்துப் பதினைந்து சதவீதம் தள்ளிப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு மரப்பிசினையும் ஊசித் துளையையும் வைத்துக்கொண்டு! இந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் பெரன்தான், 1909இல். அவகாட்ரோ இறந்து அப்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இப்படி ஓர் எண்ணை அவர் தேடியதும் இல்லை.

ஆனால் ஒரே ஒரு சோதனையின் விடையை யார் நம்புவார்கள்? சம்பந்தமே இல்லாத வழிகளிலிருந்தும் அதே எண் வந்ததுதான் பெரிய செய்தி. டால்டன் வாழ்ந்த அதே மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டும் கைகரும் ரேடியத்திலிருந்து பாய்ந்து வரும் ஆல்ஃபா துகள்களை உண்மையாகவே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒரு கிராம் ரேடியம் நொடிக்கு 3,400 கோடித் துகள்களை வீசுகிறது என்றது அவர்களின் 1908ஆம் ஆண்டுக் கணக்கு. ஒவ்வோர் ஆல்ஃபாவும் அடங்கி நின்றதும் ஒரு ஹீலியம் அணு. ரேடியத்தோடு அதன் வழித்தோன்றல்கள் மூன்றும் சேர்ந்தால் நான்கு மடங்கு; ஓர் ஆண்டில் 43,000 கோடி கோடி ஹீலியம் அணுக்கள். அந்த ஹீலியத்தைச் சேகரித்து அளந்தால் 0.156 கன சென்டிமீட்டர். எந்த வாயுவானாலும் ஒரு மோல் 22,400 கன சென்டிமீட்டரை அடைக்கும் என்பது தெரியும். பெருக்கிப் பாருங்கள்: 617 கோடி கோடி கோடி.

மூன்றாவது வழி மின்சாரம். ஒரு மோல் வெள்ளியை மின்பூச்சாகப் படியவைக்க ஏறக்குறைய 96,500 கூலோம் மின்னூட்டம் செலவாகும். ஃபாரடே காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு. ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான். 1913இல் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் அந்தரத்தில் நிறுத்தி ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 606 கோடி கோடி கோடி. பிசின், ரேடியம், எண்ணெய்த் துளி. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அணு வெறும் கற்பனை என்றால் இப்படி நடக்க வழியே இல்லை. ஓஸ்ட்வால்ட் மில்லிகனுக்காகக் காத்திருக்கவில்லை. 1909இல் வந்த தன் பாடநூல் பதிப்பின் முன்னுரையிலேயே அணுக்கள் இருப்பதை ஒப்புக்கொண்டார். தோற்றதை அச்சில் எழுதிக் கையெழுத்திடும் துணிவு எல்லாருக்கும் வராது.

எண்ணிக்கை தெரிந்தது. ஆனால் அந்த எடைகள் ஏன் 12, 16, 23 என்று முழு எண்களை ஒட்டியே வருகின்றன? எல்லா அணுக்களும் ஹைட்ரஜனால் ஆனவை என்று லண்டன் மருத்துவர் பிரவுட் 1815இலேயே ஊகித்தார். குளோரினின் 35.5 அந்த ஊகத்தைக் கவிழ்த்துவிட்டது. அரை ஹைட்ரஜன் என்று ஒன்று கிடையாதே. விடை அணுவின் உள்ளே இருந்தது. மெல்லிய உலோகத் தகட்டில் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சியபோது எட்டாயிரத்தில் ஒன்று வந்த வழியே திரும்புவதை கைகரும் மார்ஸ்டனும் 1909இல் கண்டார்கள். அணுவின் எடை முழுவதும் நடுவே ஒரு சிறு கருவில் குவிந்திருந்தால்தான் இது நடக்கும் என்று 1911இல் ரதர்ஃபோர்டு கணக்குப் போட்டுக் காட்டினார். தங்க அணுவில் அந்தக் கரு, அணுவின் குறுக்களவில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. எலக்ட்ரான்களின் எடை சில்லறை. புரோட்டானில் 1,836இல் ஒரு பங்கு.

கருவில் எத்தனை புரோட்டான் என்பதே தனிமத்தின் அடையாளம் என்பதை எக்ஸ் கதிர்களால் அளந்து நிறுவியவர் ஹென்றி மோஸ்லி. 1913இல் அதைச் செய்தவர், 1915இல் கலிப்போலி போர்முனையில் 27 வயதில் குண்டடிபட்டு இறந்தார். குளோரின் புதிரை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜின் ஆஸ்டன். மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் புலங்களில் வளைத்து எடைவாரியாகப் பிரிக்கும் கருவியை 1919இல் அமைத்தார். குளோரின் அதில் இரண்டு கோடுகளாகப் பிரிந்தது, 35இல் ஒன்று, 37இல் ஒன்று. 35.5 எடையுள்ள குளோரின் அணு உலகில் எங்கும் இல்லை. நாலில் மூன்று பங்கு 35, ஒரு பங்கு 37. தராசு கண்டது சராசரியை. இரண்டுக்கும் புரோட்டான் 17தான். அந்த இரண்டு எடை வித்தியாசம் நியூட்ரான்களுடையது. நியூட்ரானை சாட்விக் 1932இல் கண்டுபிடித்ததும் கதை முழுமையானது.

இதிலிருந்து பாடநூல்கள் அதிகம் வாய்திறக்காத ஒரு செய்தி கிடைக்கிறது. புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை. பொருளின் எடையெல்லாம் அவற்றினுடையதே. எனவே எந்தப் பொருளானாலும் ஒரு கிராமில் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து ஏறக்குறைய 602 கோடி கோடி கோடி இருக்கும். ஒரு கிராம் தங்கமானாலும் ஒரு கிராம் சாம்பலானாலும் வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள்தான். ஆனால் தங்கத்தில் அவை 197, 197 ஆகக் கட்டுப்பட்டிருப்பதால் அணுக்களின் எண்ணிக்கை குறைவு. 916 முத்திரையுள்ள ஒரு சவரனில் தங்கம் 7.33 கிராம், தங்க அணுக்கள் 22 கோடி கோடி கோடி. எட்டு கிராம் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை இதைப்போலப் பன்னிரண்டு மடங்கு. விலை என்னவோ தங்கத்துக்குத்தான்.

ஐசோடோப்புகள் எனப்படும் இந்த வெவ்வேறு எடை வகைகள் வந்ததால் ஒரு தலைவலியும் வந்தது. எடைக்கு அடிப்படையாக வைத்திருந்த ஆக்சிஜனே மூன்று எடைகளின் கலவை என்று 1929இல் தெரிந்தது. வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் கலவையை 16 என்றார்கள். இயற்பியலாளர்கள் அதில் லேசான வகையை மட்டும் 16 என்றார்கள். பத்தாயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம் என்றாலும் இரண்டு பட்டியல்கள், இரண்டு மோல்கள். 1960-61இல் இருதரப்பும் இறங்கிவந்து கார்பன்-12 அணுவை 12 என்று வைத்துக்கொண்டன. 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்களோ அத்தனை ஒரு மோல் என்பதே 1971 முதல் சர்வதேச அளவாக இருந்தது. நம்மில் பெரும்பாலோர் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இந்த வரையறைக்கு உள்ளே ஒரு முரண் ஒளிந்திருந்தது. 12 கிராம் என்றால் என்ன? கிராம் என்பது கிலோகிராமில் ஆயிரத்தில் ஒன்று. கிலோகிராம் என்பதோ பாரிஸுக்கு அருகே செவ்ரில் பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. அணுக்களின் எண்ணிக்கை ஓர் உலோகத் துண்டின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை மாற்ற வேண்டுமானால் அவகாட்ரோ எண்ணை எட்டு இலக்கத் துல்லியத்தில் அளந்தாக வேண்டும். அதற்காகச் செய்ததுதான் சிலிக்கான் கோளம். சிலிக்கான்-28ஐ மட்டும் 99.99 சதவீதத்துக்கு ரஷ்யாவில் பிரித்தெடுத்தார்கள், பெர்லினில் ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள். அதை ஆஸ்திரேலியாவில் உருண்டையாக இழைத்து மெருகேற்றினார்கள். எடை ஒரு கிலோ, குறுக்களவு 94 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

அதில் அணுக்களை எண்ணும் முறையைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, 0.543 நானோமீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு கனசதுரத்திலும் எட்டு அணுக்கள். அந்தப் பக்கத்தை எக்ஸ் கதிர்களால் அளந்து, கோளத்தின் கனஅளவை லேசர் ஒளியால் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து எட்டால் பெருக்கினால் முடிந்தது: 21,500 கோடி கோடி கோடி அணுக்கள். மேற்பரப்பில் படிந்த ஆக்சைடு படலம், படிகத்தில் விடுபட்ட இடங்கள், கலந்துவிட்ட வேறு ஐசோடோப்புகள் என்று கழிக்க வேண்டியவற்றைக் கழிப்பதில்தான் ஆண்டுக்கணக்கில் உழைப்பு போயிற்று.

2019 மே 20 முதல் வரையறை தலைகீழாகிவிட்டது. ஒரு மோல் என்றால் 6.02214076 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. அதற்குமேல் தசமம் கிடையாது, பிழைக்கு இடமில்லை. எண்ணிக்கையை அளப்பது நின்றுபோய் அது விதியாகிவிட்டது. அதனால் பழைய வரையறையில் விதியாக இருந்த 12 இப்போது அளந்து பார்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. ஒரு மோல் கார்பன்-12இன் எடை சரியாக 12 கிராம் என்று இனி யாரும் சத்தியம் செய்ய முடியாது. அடிப்படை மாறிலிகளைத் தொகுக்கும் கோடேட்டா குழுவின் 2018ஆம் ஆண்டுப் பட்டியல் அதை 11.9999999958 கிராம் என்றது. கடைசி இரண்டு இலக்கங்களில் ஐயப்பாடு உண்டு என்றும் பக்கத்திலேயே குறித்திருந்தார்கள்.